வெங்காயத்துக்குப் பயந்தவர்

வெங்காயத் தட்டைக் கண்டதும் சின்னப்பராஜ் இடது கை விரலைத் தூக்கிக் காட்டிவிடுவார். "அம்மணி, கத்தி பட்டா நமக்கு ரத்தம் நிக்காதுன்னு தெரியுமல்ல?" மனைவி கெசியா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பத்தொன்பது வருடமாகத் தேங்காய் துருவுவது, மீன் ஆய்வது, ஒட்டடை அடிப்பது எல்லாவற்றிலிருந்தும் இப்படியே தப்பித்து வந்தார். ஒட்டடைக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நான் ஒருமுறை கேட்டேன். "ஏணில இருந்து உழுந்துட்டா?" என்றார்.

நோய் என்னவோ நிஜம்தான். ஹீமோபிலியா; ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் பிறவியிலேயே குறைவு. இடது முட்டி முழுசாக மடங்காது. சிறுவயதில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கிடப்பாராம். பிறகு அந்தக் குறைந்த பொருளை மட்டும் நரம்பில் ஏற்றும் ஃபேக்டர் ஊசி வந்தது. இப்போது மாதம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஊசி. கசியும் முன்பே காப்பு. சிங்காநல்லூரில் கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் அதைத் தன் பாஷையில் சொன்னார்: "ரிப்பேர் ஆகறதுக்கு முந்தியே சர்வீஸ் பண்ணிப்போடறாங்க."

அந்த ஊசியால்தான் குட்டு உடைந்தது. கூடப் போன கெசியாவிடம் டாக்டரம்மா விளக்கிவிட்டார்: சின்னக் கீறலை அழுத்திப் பிடித்தால் போதும், இந்த ஊசி வருவதற்கு முன்பும் அப்படித்தான். பயப்பட வேண்டியது மூட்டுக்குள் கசிவதற்கு. கனம் தூக்கக்கூடாது, முட்டி வலித்தால் உடனே சொல்ல வேண்டும்.

இவரோ நேர்மாறு. விரல் கீறினால் வீட்டையே இரண்டாக்குவார். கிரைண்டர் கல்லைத் தூக்கி முட்டி வீங்கினால் மூச்சு விடமாட்டார், கடையை மூடச் சொல்வார்களே என்று. நொண்டுவது தெரியாமலிருக்கச் சீட்டியடித்துக்கொண்டே வீடு வருவார். அந்தச் சீட்டிதான் முட்டியைத் தின்றது. எனக்கு அதில் கோபம் உண்டு.

"வெங்காயத்துக்குச் சொன்ன பொய்ய மன்னிச்சுட்டேனுங்க," என்றார் கெசியா அவரிடம். "இன்னொருக்கா சீட்டியடிச்சு மறைச்சீங்கன்னா காலே போயிருமுங்க."

போன செவ்வாய்க்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது சின்னப்பராஜ் சீட்டியில்லாமல் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார்.

"அம்மணி, கல்லத் தூக்கிட்டேன். முட்டி சுடுது."

கெசியா திட்டவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார், ஆட்டோவுக்குச் சொன்னார், துணியில் ஐஸைச் சுற்றி முட்டியில் வைத்தார். கண் கலங்கித்தான் இருந்தது. ஒரு கையால் ஐஸை அழுத்திக்கொண்டே, ஆட்டோ வருவதற்குள் ஆகட்டும் என்று, மறு கையால் வெங்காயத் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

சின்னப்பராஜின் விரல் பாதிவரை உயர்ந்தது. பிறகு இறங்கி ஒரு வெங்காயத்தை எடுத்தது.