நீல மனிதர்களும் தொமாஸின் சிவந்த தாடியும்

அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை என்பது, வந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் கவனத்தில் கதை சொல்வது. கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நாள் முழுக்க ஆட்களைச் சந்திக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒஸ்லோவில் மத்தியகாலப் பொருட்கள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் பல வருடமாக நிற்கிறேன். பிறந்தது இந்த நகரத்தில், வளர்ந்தது அம்மருட் மாடிக் குடியிருப்பில். அப்பா அம்மா மன்னார். மத்தியகால வரலாறு படித்துப் பட்டம் எடுத்தேன். என்னோடு வேலை செய்யும் தொமாஸும் அதே படிப்புத்தான், ஆனால் லித்துவேனியாக்காரன். பெரிய ஆளான பிறகு இங்கே வந்து நோர்ஸ்க், அதாவது நோர்வே மொழி, பழகியவன். நெடுநெடு என்ற உயரம், மார்புவரை சிவந்த தாடி. நல்லவன். அதுதான் கரைச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் பொறாமைப்படாமல் கோபப்பட்டிருக்கலாம்.

எந்தப் பள்ளத்தாக்கு?

ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். பழைய மரத் தேவாலயம் ஒன்றின் வாசல்பலகை எங்களிடம் இருக்கிறது. அதில் செதுக்கிய பாம்புகளைப் பற்றி விளக்கினேன். அந்த அம்மா பாம்பைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “நல்லா நோர்ஸ்க் கதைக்கிறீங்கள், எப்ப வந்தனீங்கள்?” என்றார். இங்கேதான் பிறந்தேன் என்றேன். “ஓ, அப்ப அம்மா அப்பா?” என்று விடாமல் கேட்டு, என்னை மன்னாரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அடுத்த அறை தொமாஸின் பொறுப்பு. அவன் நோர்ஸ்க் கதைத்தால் ‘ர’ எல்லாம் உருண்டு ஓடும், சொற்கள் இடம் மாறி விழும். அந்தப் பிழைகளில் ஒன்றை நான் விட்டிருந்தால் மொழி வகுப்புக்கு முகவரி தந்திருப்பார்கள். நோர்வேயில் ஊருக்கு ஊர், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பேச்சு வேறு. ஒருவர் வாயைத் திறந்ததும் ஊரைக் கண்டுபிடிப்பது இவர்களுக்கு ஒரு விளையாட்டு. அந்தக் கணவனும் மனைவியும் தலையைச் சாய்த்து அவனை ரசித்துக் கேட்டார்கள். கடைசியில் அந்த அம்மா உருகிப்போய் அவனிடம் கேட்டார்: “என்ன வடிவான பேச்சு! நீங்கள் எந்தப் பள்ளத்தாக்கு?”

நீல மனிதர்

பழைய நோர்ஸ் மொழியில் கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு ‘ப்ளாமென்’ என்று பெயர். நேராகச் சொன்னால் நீல மனிதர். கருமையும் நீலமும் அந்த மொழியில் ஒரே சொல்லுக்குள் கிடந்தன. கண்ணனை நீலவண்ணன் என்று கும்பிடும் ஆட்கள் என் அயலில் இருந்ததால், இதைப் படித்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. கதைகளில் இந்த நீல மனிதர் சில இடத்தில் பூதம் மாதிரி வருவார்கள். ஆனால் அதே ஐரோப்பாவில் கறுப்பு முகத்தோடு, கவசம் போட்ட புனிதருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். ‘ஒரே நிறமான பழைய ஐரோப்பா’ என்பது பிறகு வந்தவர்கள் விரும்பிய படம் என்று என் குழுக்களுக்குச் சொல்லி முடிப்பேன்.

ஒருநாள் சிவப்பு மழைச்சட்டை போட்ட ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் கையை உயர்த்தினார். “இதெல்லாம் இந்தக் காலத்து அரசியல். உங்களுக்கு இப்பிடிச் சொல்ல விருப்பமாயிருக்கும், எனக்கு விளங்குது” என்றார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து அதே மனிதர் மனைவியோடு வந்து தொமாஸின் குழுவில் சேர்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். தொமாஸ் சொன்னது, நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே கதை. நீல மனிதர், நீலக் கடவுள், கறுப்புப் புனிதர் எல்லாம் வந்தார்கள். மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, முடிவில் கைதட்டினார். போகும்போது என்னைக் கண்டு தோளில் தட்டிச் சொன்னார்: “அவர் எவ்வளவு நடுநிலையாச் சொல்லுறார் பாத்தீங்களோ? நீங்களும் அவரிட்டைப் பழகலாம்.”

உண்மையான ஆள்

கோடையில் ஒருநாள் குடும்பங்களுக்காக மத்தியகால உடுப்பில் நிற்போம். உடுப்புகளைப் பிரித்துக் கொடுப்பவர் எங்கள் பொறுப்பாளர் பெரித். தொமாஸுக்கு வீரனின் இரும்புச் சட்டை. எனக்குத் தூர தேசத்து வாசனைச் சரக்கு வியாபாரியின் தலைப்பாகை. “உமக்கு நல்லாப் பொருந்தும்” என்றார் பெரித், முழு அன்போடு.

ஆறு வயது மகளை மனைவி கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் கறுவாவும் மிளகும் பரப்பியிருந்தது. மகள் அதை ஒருதரம் முகர்ந்தாள். பிறகு ஓடிப்போய், தொமாஸோடு படம் எடுக்க நின்ற வரிசையில் சேர்ந்தாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் வைத்தான். திரும்பி வந்தவளிடம், “ஏன் பிள்ளை, அப்பாவோட படம் எடுக்கேல்லையோ?” என்று கேட்டேன். அவள் சமாதானமாகச் சொன்னாள்: “நீங்கள் வீட்டையும் இருப்பீங்கள்தானே, அப்பா. அவர்தான் உண்மையான ஆள்.”

தச்சுவேலை

அந்தக் கிழமை மதியச் சாப்பாட்டில் தொமாஸைப் பார்க்காமல் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவனாகவே கேட்டான், “என்னோட என்ன கோபம்?”

மறைக்க முடியவில்லை. பள்ளத்தாக்கு, நடுநிலை, உண்மையான ஆள் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, “முதல் வருசம் நான் ஊரைச் சொல்லிப் பாத்தனான்” என்றான். “லித்துவேனியா எண்டதும் ‘எங்கட வீட்டுக் கூரை போட்ட தச்சரும் அங்கத்தை ஆள்தான்’ எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பக்கம் திரும்பிடுவினம். அதுக்குப் பிறகு நான் சொல்லுறதில்லை. பள்ளத்தாக்கெண்டால் பள்ளத்தாக்கு.” கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். “உன்னட்டை அம்மா அப்பா வரைக்கும் கேக்கினம். என்ர அம்மா இருக்கிறாவோ செத்திட்டாவோ எண்டு இஞ்சை ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு உன்னிலை சரியான எரிச்சல்.”

ஆரைத் தேடி வாள்?

இலையுதிர் காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு குழுவை நடத்தினோம். யோசனை என்னுடையது. நான் கத்தோலிக்கன். தொமாஸின் நாடோ ஐரோப்பிய நாடுகளில் கடைசியாக ஞானஸ்நானம் பெற்றது. பதினாலாம் நூற்றாண்டின் கடைசிவரை அந்த நாடு காட்டையும் நெருப்பையும் கும்பிட்டது.

குழுவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் கேட்டேன்: “அந்தக் காலத்துச் சிலுவைப்போர் வீரர்கள் எங்கள் ரெண்டு பேரிலை ஆரைத் தேடி வாளோட வந்திருப்பினம்?” நோர்வேக்காரர் நாகரிகமானவர்கள், ஒருவரும் விரலை நீட்டவில்லை. கண்கள் மட்டும் என் பக்கம் வந்து வந்து போயின.

“என்னை” என்றான் தொமாஸ். குளிர்காலம் வந்தால் பல நாடுகளிலிருந்தும் வீரர்கள் வேட்டைக்குப் போவதுபோல அவனுடைய மக்களைக் கொல்லப் போனதைச் சொன்னான். நான் சிலுவை போட்டுக்கொண்டு போயிருந்தால், முறைத்துப் பார்த்து, கறுப்பு முகத்தைப் பற்றி நாலு கதையும் கட்டிவிட்டு, பூசைக்கு உள்ளே விட்டிருப்பார்கள் என்றேன். பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். அத்தனை வருட வேலையில் எனக்கு வாய்த்த மிக நல்ல குழு அதுதான்.

முடிந்ததும் எல்லோரும் தொமாஸைச் சூழ்ந்தார்கள். எந்த ஊர், எப்ப வந்தனீங்கள், அம்மா சுகமா? அவன் முகம் சிவந்து, அம்மாவின் பீட்ரூட் சூப்பைக் கையால் கிண்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் ஒரு ஓரமாக, மன்னாரைச் சொல்லத் தயாராக நின்றேன். கடைசியில் ஒரு பெண் கூட்டத்தை விட்டு விலகி, சிரித்தபடி என்னிடம் வந்தாள்: “மன்னிக்கவேணும், டொய்லெட் எந்தப் பக்கம்?”

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பொறாமைப்பட ஒரு காரணம் விலகிப் போனால், அதன் இடத்துக்கு இன்னொன்று அன்றைக்கே வேலைக்கு வந்துவிடும்.