தாவா நிலத்து நீர்முள்ளி

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நீர்முள்ளி எங்களைக் கைவிட்டது. தஞ்சாவூரில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மூலிகைகளால் சர்க்கரை நோய் குறையுமா என்பது ஆய்வு. முதல் சோதனை எளிமையானது. கத்தரிப்பூ நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விட வேண்டும். சாற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எங்கள் குழாயில் ஊதா அசையவே இல்லை.

"சரக்கு பழசு. பச்சையா கொண்டு வாங்க" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

பச்சை நீர்முள்ளி எங்கே செழித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் வாய்க்காலை ஒட்டி ஒரு நிலம். நில உச்சவரம்புக்கு மேற்பட்டது, உழுதவர்களுக்கே சேர வேண்டும் என்று அப்பாவும் விவசாயச் சங்கத்துக்காரர்களும். பரம்பரைச் சொத்து என்று மிராசுதார். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் வழக்கு மட்டும் முடியவில்லை. கோர்ட்டுத் தடையால் யாரும் கால் வைக்காத அந்தச் சேற்றில் நீர்முள்ளி இடுப்பளவு வளர்ந்து நீலமாகப் பூத்துக் கிடந்தது.

நானும் ஆய்வகத் தோழியும் சாக்கு, அரிவாளோடு இறங்கினோம். அவள் டவுன்காரி. முதல் அடியிலேயே ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. இரண்டாவது முள் குத்தியதும் அவள் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது.

ஒரு வரப்பில் மிராசுதார், குடையோடு. "யாரது, தாவா நிலத்துல எறங்குறது?"

எதிர் வரப்பில் மண்வெட்டியோடு அப்பா. "ஏம்மா, இத வச்சே கேஸத் திருப்பிடுவாங்களே, ஏறு மேல!"

ஒற்றைக் காலில் நின்ற தோழி கைகூப்பினாள். "ஐயா, நெலம் வேணாங்க. முள்ளு மட்டும் போதும்."

"முள்ளு எதுக்கு?" என்றார் மிராசுதார்.

"சக்கர கொறையுதான்னு பாக்கங்க" என்றேன் நான்.

"யாருக்கு?"

"எலிக்குங்க."

"எலிக்குச் சக்கர வருமா?"

நாங்கள்தான் ஊசி போட்டு வரவழைக்கிறோம் என்று விளக்க வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வருசம் பூரா நம்ம நெல்லத் தின்னா வராம என்ன செய்யும்?"

மிராசுதாருக்குக் குடை ஆடும் அளவுக்குச் சிரிப்பு. அப்பாவும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கும் சக்கரதாம்மா. ஒரு பாட்டில் குடேன்" என்றார் மிராசுதார்.

"எலிக்குப் பாத்த பெறகுதாங்க மனுசருக்கு."

"எலிக்கு அப்புறம்தான் நானா?"

"அவருக்கு அடுத்து நான்" என்றார் அப்பா. அவருக்கும் சர்க்கரை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோர்ட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இரண்டு வரப்புக்காரர்களும் மாத்திரைகளை ஒப்பிடத் தொடங்கினார்கள். நாங்கள் சாக்கை நிரப்பிக்கொண்டு நழுவினோம்.

நிழலில் உலர்த்தி, பொடித்து, சாறு இறக்கினோம். கரைசலில் விட்டு, வெளிச்சம் படாமல் அலமாரிக்குள் வைத்தோம். அரை மணி கழித்துத் திறந்தால், ஊதா போய் எலுமிச்சை மஞ்சள்! இருவரும் கைகோத்துக் குதித்ததில் ஒரு முக்காலி கவிழ்ந்தது. ஓடி வந்த பேராசிரியர் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "திரும்பச் செய்யுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

திரும்பச் செய்தோம். திரும்பவும் மஞ்சள். பிறகு எலிகள். சாறு குடித்த எலிகளுக்கு வாரத்துக்கு வாரம் சர்க்கரை இறங்கியது, குடிக்காதவற்றுக்கு இறங்கவில்லை. மனிதருக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி. வரப்புக்காரர்கள் இருவரையும் டாக்டர் மாத்திரையை விட வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்தேன். வழக்கு தன் பாட்டுக்கு நடந்து, பல வருஷம் கழித்து நிலத்தில் ஒரு பகுதி எங்கள் தெருக்காரர்களுக்கு வந்தது.

அந்த எலிகளுக்குக் கடைசியாகச் சர்க்கரை அளவு எடுத்த சாயங்காலம் பஸ்ஸில் நாங்கள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா விசேஷம்?" என்றார் கண்டக்டர்.

"எங்க எலிக்குச் சக்கர எறங்கிடுச்சுங்க!" என்றாள் தோழி.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். எலிக்கு டிக்கெட் வேணாம், நீங்க ரெண்டு பேரும் எடுங்க."