பாடி வாங்க வந்தவள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காகிதப் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வார்டிலிருந்து வெளியே வந்த ஊழியர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், "பாடி வாங்க ஆளு வந்தாச்சாம்மா?" என்று கேட்டார். "வாங்கிண்டே வந்துட்டேன்" என்று பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். ஊரெல்லாம் பிரா என்று சொல்லத் தொடங்கிய பிறகும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாடிதான். அவர் சொன்னது என் அக்காவை என்பது, கைப்பையின் அடியில் ஒலி அடங்கிக் கிடந்த போனை எடுத்து, வார்டிலிருந்து வந்திருந்த அழைப்புகளைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. அரசாங்க ஆபீசில் அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான்; எனக்கே ஒரு சொல் பிடிபடவில்லை.

காலையில் அவள்தான் என்னைக் கடைக்கு அனுப்பியிருந்தாள். "கையைத் தூக்க முடியலைடீ. முன்னால கொக்கி வச்சதா ஒண்ணு வாங்கிண்டு வா. உள்ள பஞ்சு வைக்க இடம் இருக்கணும், கேட்டியா? எங்க போனாலும் எனக்கு ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்."

"எங்க போகப்போறே?"

"ஆத்துக்குத்தான். வேறெங்க."

எங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு புது மோஸ்தரையும் கொண்டுவந்தவள் அக்கா. அம்மா மல் துணியில் தைத்து முன்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். கொடியில் துவர்த்துத் துண்டுக்கு அடியில் மறைத்து உலர்த்துவாள். அக்கா காலேஜில் படிக்கும்போது, வட்ட வட்டமாகத் தையல் போட்ட கூம்பு மாதிரி ஒன்றைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கி வந்தாள். "இதென்னடீ, ரெண்டு பேர் முன்னால போறா, நீ பின்னால போறே?" என்றாள் அம்மா. பிறகு எலாஸ்டிக் வந்தது, கம்பி வைத்தது வந்தது, பஞ்சு வைத்தது வந்தது. எனக்கு முதல் பாடி வாங்கித் தந்ததும் அக்காதான். அதில் வெகுநாள் காற்றுதான் குடியிருந்தது. இன்றும் பெரிய மாற்றமில்லை.

அறுவை சிகிச்சையில் இடது பக்கம் போன பிறகு, கடையில் விற்கும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறுகிறது என்று அவளே ஒரு சின்னத் துணிப்பை தைத்து அதில் கடுகை நிரப்பிக்கொண்டாள். கிழக்கேகோட்டையில் மேட மாதக் கோடை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் காதருகே, "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா தாளிச்சுடலாம்டீ" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. தழும்பை என்னைத் தவிர யாருக்கும் அவள் காட்டியதில்லை.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவைக் குளிப்பாட்டியதும் அத்தை புதுப்புடவையைப் பிரித்தாள். நான் பையை நீட்டினேன்.

"இதெல்லாம் என்னத்துக்குடீ இனிமே? புடவையால மூடத்தானே போறோம்."

"காலம்பற அவதான் கேட்டா, அத்தே" என்றேன்.

ஈரத்துணியை விலக்கியபோதுதான் அத்தை தழும்பைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். எண்பது வயதிலும் அவள் போடுவது மல் துணிதான். "இதுல முடிச்சு எங்கேடீ?" என்று தேடினாள். நான் கொக்கியைப் பூட்டினேன். இடது பக்கத்துப் பஞ்சு மேலே ஏறி நின்றது. அத்தை விரலை விட்டு அதைக் கீழே இழுத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடி சற்று இழுத்துவிட்டாள். புடவையைப் போர்த்துமுன் அக்காவின் முகத்தருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்போ செரியா இருக்காடீ, குழந்தே?"