சின்னச்சாமியின் சிவப்பு விளக்கு

தல்லாகுளம் கோர்ட்டில் டவாலியாக இருந்த சின்னச்சாமி அண்ணன், வாசலில் நின்று கட்சிக்காரர் பேரைக் கூப்பிட்டால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்களாம். வண்டியூரில் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. மனைவி காலமான பிறகு மகன் விருமாண்டியைத் தனியாக வளர்த்து, கண்டக்டர் வேலையில் சேர்த்து, கல்யாணமும் முடித்துவைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், தெப்பக்குளத்துப் பக்கம் நடந்து போனவர் மயங்கி விழுந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. ஊரார் பேரையெல்லாம் கூப்பிட்ட மனுஷருக்குப் பெற்ற மகன் பேரைச் சொல்ல வரவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது, புத்தியும் தெளிவாக இருந்தது. அதுதான் பெரிய கஷ்டம்.

மருமகள் செல்லக்கிளிதான் எல்லாம் பார்த்தாள். கம்பம் பக்கத்துப் பெண். தூரத்து ஊர்க்காரி என்பதாலேயே எங்கள் தெரு அவளை முழுதாக நம்பியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞானசீலன் வந்தான். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். என்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தான். பேச முடியாதவர்களும் எழுத்து தெரியாதவர்களும் சுலபமாகப் பயன்படுத்தும்படி ஒரு பெட்டி செய்வது அவனுக்குக் கடைசி வருஷத்து ஆராய்ச்சி. மரப்பெட்டி, மேலே இரண்டு பட்டன். ஒன்றை அமுக்கினால் பச்சை விளக்கு, ஆமாம். மற்றதை அமுக்கினால் சிவப்பு விளக்கு, வேண்டாம். அண்ணனின் இடது கைக்கு எட்டும்படி கட்டிலோடு கட்டிவைத்தான்.

"ஒரு தரம் மட்டும் கேளுங்க அக்கா," என்று செல்லக்கிளியிடம் சொன்னான். "என்ன விளக்கு எரியுதோ அதன்படி செய்யுங்க. திருப்பித் திருப்பிக் கேட்டா, அவரு மனசுல உள்ளது வராது. நம்ம மனசுல உள்ளதுதான் வரும்."

தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். வேதக்காரப் பையன் சும்மாவா வருவான், வீட்டையே மதம் மாற்றிவிடுவான் என்றார்கள். ஒயர் வழியாக ரத்தத்தை இழுக்கிறது என்று எதிர்வீட்டுச் சோணையின் மனைவி சத்தியம் செய்தாள். செல்லக்கிளி எதையும் காதில் வாங்காமல் பையன் சொன்னதை அப்படியே செய்தாள்.

வலிக்கிறதா என்றால் பச்சை எரிந்தது. ஜன்னலைச் சாத்தவா என்றால் பச்சை. சாப்பிடுகிறீர்களா மாமா என்றால் சிவப்பு.

மறுநாளும் சிவப்பு. காலையில் மாத்திரையோடு கேட்காமலே ஊட்டுகிற கஞ்சிதான் உள்ளே போனது. மதியத் தட்டும் ராத்திரித் தட்டும் அப்படியே திரும்பின. கறிக்குழம்பு வைத்தாலும் சிவப்பு. தட்டு போகிற திசையையே அண்ணன் பார்ப்பார். கண்ணில் தண்ணீர் நிற்கும். கன்னம் ஒட்டிப்போனது.

பெட்டி மற்றதற்கெல்லாம் சரியாகச் சொல்கிறது, சோற்றுக்கு மட்டும் வேண்டாம் என்கிறது என்றால் கோளாறு எதில்? தெரு ஒரே நாளில் முடிவுகட்டிவிட்டது. சோற்றில் மருந்து வைத்திருக்கிறாள். கண்டுபிடித்துத்தான் மாமனார் தொட மாட்டேன் என்கிறார். நானும் கொல்லைப்பக்கம் போகும்போது அவள் விடியற்காலையில் எதையோ அரைப்பதைப் பார்த்தேன். சுக்கு வாசம்தான் வந்தது. ஆனாலும் நின்று இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். சந்தேகம் வந்துவிட்டால் மூக்கையும் நம்ப முடியாது. மாரியம்மனிடம் போய், தாயே, உண்மையைக் காட்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விருமாண்டி ஒரு மதியம் தானே தட்டை எடுத்துப்போய், "அப்பா, சோறு வேணுமா?" என்று கேட்டான். சிவப்பு எரிந்தது. அவன் தட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அன்றிலிருந்து டிப்போ பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தான்.

கீழக்குயில்குடியிலிருந்து அண்ணனின் தங்கை மாயக்காள் வந்து இறங்கினாள். வந்த வேகத்தில், "ஏண்டி, பேச்சு இல்லாத மனுஷனுக்கு என்னத்தடி கரைச்சு ஊத்துன?" என்றாள்.

"நான் ஒண்ணும் ஊத்தலத்தே."

"அப்ப வெளக்கு பொய் சொல்லுதா? விருமா, இன்னைக்கே இவளக் கம்பத்துக்கு பஸ் ஏத்திவிடு. எங்க அண்ணனை நான் கொண்டுபோறேன்."

விருமாண்டி தரையைப் பார்த்து, "சரித்தே," என்றான். செல்லக்கிளி அழவில்லை. உள்ளே போய்ச் சேலைகளை எடுத்து மூட்டை கட்டினாள். பெட்டியைப் பார்க்க வந்திருந்த ஞானசீலன் சுவரோரம் ஒதுங்கி நின்றான். நான் வாசல்படியில் இருந்தேன்.

மாயக்காள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அண்ணே, எங்கூட ஊருக்கு வாரியா?"

சிவப்பு.

"பாத்தியா, பயத்துல சொல்லுறாரு. வாண்ணே, தங்கச்சி கூப்பிடுறேன்ல?"

மறுபடி சிவப்பு. ஞானசீலன் மெல்ல, "அம்மா, ஒரு தரம் கேட்டாப் போதும்," என்றான்.

"நீ செத்த சும்மா இருப்பா. எங்க அண்ணன்ட்ட பேச ஒங்கிட்ட டிக்கெட்டு வாங்கணுமா? அண்ணே, நான் என்ன அசலா? பத்து நாளு வந்து இருந்துட்டுப் போ. கால்ல விழவா?"

பச்சை எரிந்தது.

ஞானசீலன் ஓடிவந்து ஒயரை இழுத்துப் பார்த்தான். செல்லக்கிளி மூட்டையோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"தம்பி, பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஒருத்தர் உபசரிச்சா மாமா என்னைக்கு மொத தரமே சரின்னு சொல்லியிருக்காரு? நீங்க ஒரு தரம்னு சொன்னீக. நானும் கேட்டுட்டுத் தட்டை எடுத்துட்டேன்."

எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. எங்கள் வீட்டில் அவர் காப்பியை உடனே வாங்கியதே கிடையாது. வேணாம்த்தா, வேணாம்த்தா என்பார். பிறகும் வற்புறுத்தினால் அரை கிளாஸ் போதும் என்று முழுதும் குடிப்பார். கேட்டதும் கை நீட்டுவது எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. வாயால் சொன்னால் அந்த வேண்டாமில் ஒரு இழுப்பு இருக்கும், கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். விளக்கில் அந்த இழுப்பு ஏது?

செல்லக்கிளி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். "மாமா, சாப்பிடுறீகளா?" சிவப்பு. "கொஞ்சமாச்சும்?" சிவப்பு. "நான் ஆக்குனது மாமா. ஒரு வாய்."

அண்ணன் பச்சையை அமுக்கிவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

"இரு," என்றாள் மாயக்காள். ஒரு உருண்டையை எடுத்துச் செல்லக்கிளியிடம் நீட்டினாள். "மொதல்ல நீ தின்னு." அவள் தின்றாள். மாயக்காள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் ஒரு வாய் போட்டு மெதுவாக மென்றாள்.

"புளி தூக்கலா இருக்கு," என்று தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தட்டு முழுவதும் சாப்பிட்டார். ஞானசீலன் தலையைப் பிடித்துக்கொண்டு, "கேட்கிற முறையையே மாத்தி எழுதணும்," என்று முணுமுணுத்தான்.

விருமாண்டி அடுப்படி வாசலுக்கு வந்தான். "எனக்கும் சோறு போடு," என்றான். செல்லக்கிளி திரும்பவில்லை. மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு சேலையாகக் கொடியில் போட்டாள். "பசிக்குதுடி," என்றான். அவள் இன்னொரு சேலையை உதறினாள். அவன் தானே தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கடைசிச் சேலையையும் போட்ட பிறகுதான் அவள் சோற்றுப் பானைப் பக்கம் போனாள்.

மாயக்காள் அன்றைக்கு ஊருக்குத் திரும்பவில்லை. அண்ணனுக்குத் துணை என்று சொல்லி, அடுப்படியில் நடப்பது தெரியும்படி அதற்கு நேராகப் பாயை விரித்துக்கொண்டாள்.