தாடிக்காரனின் தங்கச்சி

என்னைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் எழுத வேண்டியது இதுதான். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. பிற்பாடு பெரம்பலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அதே ஆங்கிலத்தைக் கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அரசாங்கம் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

திருச்சியில் நான் படித்த காலத்தில் ஆங்கிலக் கவிதையைத் தமிழில்தான் நடத்துவார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் இருந்த நோட்ஸை உருப்போட்டுத் தேர்வுத் தாளில் கொட்டிவிட்டு வருவோம். கவிஞர் இயற்கையை எப்படித் தெய்வமாகக் கண்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். யாராவது என்னிடம் ஆங்கிலத்தில் மணி கேட்டிருந்தால், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பேன்.

இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா அரியமுத்து, அரியலூரில் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பூலாம்பாடிப் பக்கம் அடுத்தவர் வயலில் வரப்புக்கு அண்டை வெட்டியும் நாற்று நட்டும் பிழைத்தவர்கள். ஆலை வந்ததும் அப்பா அரியலூருக்கு வந்தார். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். அப்பா என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் பெயருக்கு முன்னால் பி.ஏ.வைச் சொல்லுவார். அம்மாவிடம்கூட, "பி.ஏ. சாப்ட்டுச்சா?" என்றுதான் கேட்பார்.

எண்பத்தைந்து வாக்கில் போனஸ் பணத்தில் டிவி வாங்கினார். தெருவில் அதுவும் முதல். மொட்டை மாடி இல்லாத வீடு என்பதால் ஆண்டெனாவை வேப்ப மரத்தில் கட்டினோம். காற்றடித்தால் டிவியில் இருக்கும் மனிதர்களும் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஆண்கள் சுவரோரம், பெண்கள் நடுவில், பிள்ளைகள் டிவியின் காலடியில்.

அந்த நேரத்தில்தான் டெல்லி டிவிக்காரர்கள் ஓர் ஆங்கிலத் தொடரைப் போட ஆரம்பித்தார்கள். விதை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிற கதை. வெளிநாட்டில் எப்போதோ எடுத்ததாம். கப்பலில் தாடி வைத்த தலைவன் ஒருவன், வழி பார்த்துச் சொல்லும் பெண் ஒருத்தி, எந்நேரமும் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர், இரும்பு பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி நடமாடும் பேசும் யந்திரம் ஒன்று. இவ்வளவுதான் ஆட்கள். மற்றதெல்லாம் இருட்டும் புள்ளிகளும்.

முதல் வாரம் தாடிக்காரன் பேசத் தொடங்கியதும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு சொல் பிடிபடவில்லை. நான் படித்த ஆங்கிலம் தாளில் அசையாமல் நின்ற ஆங்கிலம். இவன் பேசியது வாய்க்குள்ளேயே சறுக்கி ஓடியது. அப்பா எல்லாரையும் ஒருமுறை பெருமையாகப் பார்த்துவிட்டு, "என்ன பேசுறாங்கன்னு சொல்லு பாப்பா. அந்தப் பொண்ணு அவனுக்கு என்னா முறை?" என்று கேட்டார்.

முறை தெரியாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் கதையும் நகராது. அவன் அவளுக்கு மாமனா, மச்சானா, பெரியப்பன் மகனா என்று தெரிந்தால்தான் அவன் சிரித்தால் நாம் சிரிக்கலாமா, முறைக்கலாமா என்பது முடிவாகும். நான் பார்த்தேன். ஒரே கப்பலில் வயசுப் பெண்ணும் வயசு ஆணும். அவள் கழுத்தில் ஒன்றுமில்லை. யாரோ எவரோ என்று சொன்னால் அம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிடுவாள். தெரியவில்லை என்று சொன்னால் அப்பாவின் முகம் தரைக்குப் போய்விடும்.

"அண்ணன் தங்கச்சிப்பா," என்றேன்.

கூடம் நிம்மதியாக மூச்சு விட்டது. சுவரோரம் இருந்தவர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

பொய் சொல்வதில் ஒரு வசதி, முதல் பொய் மற்ற பொய்களைத் தானே கூட்டி வந்துவிடும். அண்ணன் தங்கை என்றதும் தாய் தகப்பன் வேண்டும். அவர்களைப் பூமியில் ஒரு வெள்ளத்தில் சாகடித்தேன். கிழவரைத் தாய்மாமன் ஆக்கினேன். எல்லா வேலையும் செய்துவிட்டு எல்லாரிடமும் பேச்சு வாங்குகிறாரே, வேறு யாராக இருக்க முடியும் என்று தெருவே ஒப்புக்கொண்டது. பீரோ எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசியது. அது செத்துப்போன அப்பாவின் மூத்த தாரம் வளர்த்த யந்திரம், அதனால்தான் இந்தப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் என்னை நானே மெச்சிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. தங்கச்சி என்று சொல்லிவிட்டால் அவளைக் கட்டிக்கொடுக்கிற கடமை அண்ணனுக்கு வந்துவிடுகிறது. வாரங்கள் போகப் போகத் தெருவுக்குத் தாடிக்காரன் மேல் கோபம் ஏறியது. விதை மூட்டை எங்கேயும் ஓடிவிடாது, வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஊர் சுற்றுகிறானே என்று பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் அங்கலாய்த்தாள். அவள் எனக்கு உறவில்லை என்றாலும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். எந்தத் தெருக் கல்யாணத்திலும் முதல் குலவை அவளுடையதுதான். ஒரு வாரம் நீல முகத்தோடு வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் வந்து தங்கச்சியைப் பார்த்து இளித்தான். நல்ல இடம்தான் போலிருக்கிறது, ஆனால் அவங்க என்ன ஆளுங்களோ என்று சுவரோரத்திலிருந்து கவலை கிளம்பியது. புரட்டாசியில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போன கொளஞ்சியம்மாள், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வாரம் முழுக்க அவர்களைப் பற்றியே நினைத்தேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்து, பின்னால் நிற்பவர்கள் திட்டும்வரை நினைத்தேன். அவள் வந்து உட்காராமல் தாடிக்காரன் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. இருவரும் சண்டை போட்டால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள், அவன் கதவுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டே இருப்பான். அவள் நோயில் படுத்த வாரம் அவன் பீரோவிடம் போய்க் கெஞ்சினான். என்ன கெஞ்சினான் என்று புரியாவிட்டால் என்ன, நானும் அவனோடு சேர்ந்து கெஞ்சினேன். இதெல்லாம் அண்ணன் செய்கிற காரியமா என்று பகுத்தறிந்து பார்க்கிற அறிவு பி.ஏ. படித்தவளுக்கு இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் எனக்கு அண்ணன் இல்லை.

நான் ஒற்றைப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்தவன் இல்லாத பெண்ணுக்குப் பெற்றவர்கள் போன பிறகு பிறந்த வீடு இல்லை. சீர் கொண்டுவர ஆளில்லை. நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்தினால் மடியில் உட்காரவைக்க மாமன் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் இதை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே நான் தெருவுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதை முதல் ஆளாக நானே நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஓர் அண்ணன் வருவான். தாடியோடு, கொஞ்சம் முன்கோபத்தோடு, என்னைத் தவிர வேறு நினைப்பில்லாமல் வருவான். அவனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இந்தச் சுகத்துக்கு வேட்டு வைத்தவர் நல்லுசாமி சார். ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் கிளார்க். அப்பா அங்கே போயும் என் மொழிபெயர்ப்பைப் பீற்றியிருக்கிறார். பி.ஏ. படித்தால் மட்டும் வெள்ளைக்காரன் பேச்சு விளங்கிவிடுமா, உன் மகள் ஏதோ அளந்துவிடுகிறது, அதையும் ஒரு கூட்டம் கேட்கிறது என்று எல்லார் முன்னாலும் அவர் சிரித்திருக்கிறார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நாத்திக்கெழம வூட்டுக்கு வந்து பாத்துட்டு அப்பறம் பேசுங்க சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

என்னிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். எதிர்வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தோற்றால் அது என்னோடு போகாது. திங்கட்கிழமை ஆலையில் அவர்கள் முன்னால் மூட்டைக்குக் கீழே குனிகிறவர் அப்பாதான்.

நல்லுசாமி சார் வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொடர் ஆரம்பித்தது. தாடிக்காரன் தனியாக ஒரு சின்ன ஓடத்தில் எங்கேயோ கிளம்புகிறான். தங்கச்சி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். இருக்கிறது நீ ஒருத்தன், நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள் என்றேன். உனக்கு ஒரு நல்லது செய்து பார்க்காமல் சாக மாட்டேன் என்று அண்ணன் சொல்கிறான் என்றேன். கொளஞ்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

நல்லுசாமி சார் தலையை ஆட்டினார். "கரெக்டாதான் சொல்லுது," என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒருவேளை அவர்கள் நிஜமாகவே அதைத்தான் பேசுகிறார்களோ, எனக்கே தெரியாமல் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நம்பினேன். தைரியம் வந்து குரலை உயர்த்தி இன்னும் ரெண்டு வசனம் சேர்த்தேன். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகுதான் உறைத்தது. என் உதடு அசைந்த பிறகுதான் அவர் தலை அசைகிறது. அவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை.

அதே நேரத்தில் தாடிக்காரன் தங்கச்சியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் நடந்தது அண்ணன் தங்கச்சிக்குள் நடக்கக்கூடியது இல்லை. டெல்லிக்காரர்கள் எத்தனையோ வாரம் எதையெதையோ கத்தரித்தவர்கள், இதை மட்டும் நிதானமாகப் போட்டார்கள். கப்பலில் நின்ற பீரோகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அம்மா பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள், அது யார் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லுசாமி சார் வேப்ப மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அப்பா மெதுவாகக் கேட்டார். "என்ன பாப்பா இது?"

என்னிடம் பொய்க்கா பஞ்சம்? அது நிஜத் தாடிக்காரன் இல்லை, அவன் உருவத்தில் வந்த எதிரி என்று சொல்லியிருக்கலாம். தெரு நம்பியிருக்கும். சார் தலையாட்டியிருப்பார். ஆனால் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம்கூட இல்லை. நான் என்ன சொன்னாலும் அதைத் திங்கட்கிழமை ஆலைக்குக் கொண்டுபோகத் தயாராக நின்றார். அந்த மனுஷனிடம் இன்னொன்றைக் கட்டிவிட எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலப்பா," என்றேன். "இன்னிக்கு இல்ல. மொத வாரத்துலேர்ந்தே வெளங்கல. அண்ணன் தங்கச்சின்னு நாந்தான் சொன்னேன்."

அப்பா டிவியைப் பார்த்தார். அவர் காதுமடலில் சுண்ணாம்புத் துளி காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. சந்தையில் விலை சொல்வதுபோல உறுதியாகச் சொன்னார்.

"எம் மவளுக்கு வெளங்கலன்னா அது இங்கிலீசே இல்ல சார். வேற ஏதோ பாசை."

நல்லுசாமி சார் அவசரமாக ஆமோதித்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டதாம். சுவரோரத்தில் இருந்தவர்கள், நமக்கும் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சந்தேகம் இருந்தது என்றார்கள். அப்பா போய் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். தாடிக்காரனும் அவளும் சத்தமில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க கெடக்குறாங்க. நீ சொல்லு பாப்பா," என்றார். "யாரு யாருக்கு என்னா முறைன்னு நீ பாத்து சொல்லு. நாங்க கேட்டுக்கிறோம்."

நான் பார்த்தேன். சத்தம் போன பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவன் ஓடத்தில் ஏறப் போகிறவன், ஏறாமல் நின்றான். அவள் அவன் சட்டையை இன்னும் விடவில்லை. இதற்கு மேல் அவனை அண்ணனாக என்னால் பிடித்து வைக்க முடியாது. ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை. சொல்லிவிட்டால் எனக்கென்று இருந்த ஒருவன் போய்விடுவான்.

"அண்ணன் தங்கச்சி இல்லப்பா," என்றேன். "கட்டிக்கிற முறைதான்."

கொளஞ்சியம்மாள் அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தாள். அப்புறம் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் போட்டார்கள். அம்மா காபி கலக்க எழுந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அப்பா மட்டும் அதைப் பார்த்தார். கல்யாண வீட்டில் பெண்கள் அழுவது வழக்கம்தானே என்று நினைத்திருப்பார்.