நாள்காட்டியில் இல்லாத நோதர்

நோதர் வாய் மூடியிருக்கும் நேரம் தூங்கும் நேரம்தான். அதிலும் பாதி நேரம் உளறுவான். ஜார்ஜியாவில் ரொட்டி சுட்ட காலத்தில், அடுப்பு அணைந்தாலும் அவன் பேச்சு அணையாது என்பார்கள். அப்படிப்பட்டவன் நாற்பத்தோரு வயதில் லாத்வியாவுக்குப் பிழைக்க வந்து, குல்தீகாவில் கறுப்பு ரொட்டி சுடும் பேக்கரியில் சேர்ந்தான். கடவுளுக்கும் குறும்பு உண்டு போல. எண்ணிப் பேசுகிறவர்களின் பாஷையை இவனைப் படிக்க வைத்தார்.

படித்தான். மாவு ஒட்டிய நோட்டில் ஒவ்வொரு வாக்கியமாக எழுதி, அடுப்பிடமும் சொல்லிப் பார்த்தான். முதல் வேலையாக, மாவு பிசைகிற இல்கோனிஸிடம் "கா இயெட்?" என்றான். எப்படிப் போகிறது என்ற விசாரிப்பு. இல்கோனிஸ் தொட்டியிலிருந்து நிமிர்ந்து, கேள்வியை உண்மையாகவே யோசித்து, "நொர்மாலி" என்றான். பரவாயில்லையாம். அன்றைய பேச்சு அதோடு தீர்ந்தது.

இரண்டு வருடத்தில் நோட்டே நிரம்பிவிட்டது. விருந்தாளி வந்தால் சொல்லவேண்டியவை என்ற பக்கத்தை மட்டும் அவன் படிக்கவில்லை. யார் வரப்போகிறார்கள்?

மே மாதக் கடைசிக்குள், வாடகை அறையை வைத்துக்கொள்வதா காலி செய்வதா என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாக வேண்டும். பாஷை வந்துவிட்டது, பேச ஆள்தான் வரவில்லை. காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விடுவதென்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தான்.

இருபத்தொன்றாம் தேதி டீ நேரத்தில், ரொட்டிக்குக் காகிதம் சுற்றுகிற விஸ்மா கேட்டாள்: "என்ன நோதர் அண்ணே, மூஞ்சி புளிச்ச மாவு மாதிரி இருக்கு?"

அவன் போட்டு உடைத்தான். "போன வருஷம் இல்கோனிஸோட பேரு நாள் வந்துச்சுல்ல? பாட்டில் வாங்கி, 'அழைப்புக்கு நன்றி'ன்னு நூறு தடவ சொல்லிப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த கூப்பிடல. அந்தப் பாட்டில் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு."

இல்கோனிஸ் கரண்டியைக் கீழே வைத்தான். "யோவ், பேரு நாளுக்கு எவன்யா கூப்பிடுவான்? நாள்காட்டியில ஒவ்வொரு தேதிக்கும் பேரு அச்சடிச்சிருக்கு. அன்னிக்கு அந்தப் பேருக்காரன் வீட்ல விருந்து. பாத்துட்டு வர்றவன் வருவான். உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு ராத்திரி வரைக்கும் பாத்தேன். பெரிய மனுஷன், நம்ம வீட்டுக்கெல்லாம் வரமாட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு வருடத்தில் இல்கோனிஸ் பேசிய மொத்தப் பேச்சைவிட இது நீளம். விஸ்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நோதர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த நாள்காட்டியை ஜனவரியிலிருந்து புரட்டினான். டிசம்பர் வரை போனான். "என் பேரு எங்கயுமே இல்லியே."

"இல்ல" என்றான் இல்கோனிஸ். அவ்வளவுதான். மாவுத் தொட்டிக்குள் குனிந்துவிட்டான்.

மறுநாள் மாலை ஆறு மணி. கிழிந்த பனியனோடு நோதர் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் பேக்கரியில் பாதிப் பேர் படியில் நிற்கிறார்கள். விஸ்மா கையில் ஐந்து டூலிப் பூக்கள். இல்கோனிஸ் கையில், வளைத்து முறுக்கிச் சுட்ட தட்டகல இனிப்பு ரொட்டி.

"என்னாச்சு? பேக்கரி தீப்புடிச்சிருச்சா?"

"இன்னிக்கு மே இருபத்திரெண்டு அண்ணே" என்றாள் விஸ்மா. "நாள்காட்டியில பேரு இல்லாதவங்க எல்லாருக்கும் சேத்து இன்னிக்குத்தான் பேரு நாள்."

நோதர் சட்டென்று உள்ளே ஓடினான். நோட்டோடு திரும்பிவந்து, படிக்காத பக்கத்தைப் பிரித்து, முதல் வகுப்புப் பிள்ளைபோல விரல் வைத்து வாசித்தான்: "நாட்ஸியெட்... இயெக்ஷா."

உள்ளே வாருங்கள்.

"வரத்தான்யா வந்திருக்கோம். வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற!" என்றான் இல்கோனிஸ்.

இருந்தது ஒரே நாற்காலி. அதில் ரொட்டியை உட்காரவைத்துவிட்டு மனிதர்கள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காலுக்கடியில் கிடந்த பாட்டிலை நோதர் எடுத்துத் தூசி தட்டினான். யாரும் அதிகம் பேசவில்லை. அவன்தான் பேசினான், அவர்கள் உருளைக்கிழங்கைத் தீர்த்தார்கள்.

கிளம்பும்போது இல்கோனிஸை மட்டும் வாசலில் நிறுத்தி, ஒரு வாக்கியத்தை லாத்விய மொழியில் எப்படிச் சொல்வதென்று கேட்டு எழுதிக்கொண்டான். விடிந்ததும் அதை வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னான்: அறை எனக்கே இருக்கட்டும்.

அவள் "லாபி" என்றாள். சரி என்று அர்த்தம். அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு.