நான் வாசிக்காத பாட்டு

எங்கள் கச்சேரிக் குழுவில் என் மனைவி செல்வி பாடுவாள். நான் தாளத்துக்கு ரிதம் பேடு வாசிப்பேன். மேகமலை எஸ்டேட் திருவிழாவுக்கு அவள் முதல் ஜீப்பில் போய்விட்டாள். வாத்தியங்களோடு கீபோர்டுக்காரனும் நானும் ஏறிய ஜீப், சின்னமனூர் தாண்டி மலை வளைவில் படுத்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சனம் காத்துக்கிட்டு இருந்தாக. வாத்தியம் இல்லாமச் சும்மா பாடிட்டேன்" என்றாள்.

அவள் பாடியதில் ஒன்று, நான் போடும் அடிக்கே விசில் பறக்கும் பழைய குத்துப்பாட்டு. அதைத் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடியிருக்கிறாள். யாரோ போனில் எடுத்துப் போட, ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதுதான். "இரைச்சல் இல்லாம இப்பத்தான் பாட்டே புரியுது" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரைச்சலை வாசித்தவன் நான்.

பிறகு வந்த போன்களில் எல்லாம் ஒரே பேச்சு: "அக்கா மட்டும் வந்தாப் போதும்ணே." கீபோர்டுக்காரன் கூடலூரில் ஜீப் ஓட்டப் போய்விட்டான்.

போன மாதம் ஓடைப்பட்டியில் ஒரு கல்யாணம். செல்வி மேடையில், நான் கூட்டத்தில். என்னையறியாமல் விரல்கள் நாற்காலியில் தாளம் போட்டன. பக்கத்திலிருந்த பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"தட்டாதீக தம்பி, பாட்டுக் கேக்கணும்ல."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.